ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் வல்ல சான்றோர் பேசக் கேட்டிருக்கிறீர்கள். நான் அத்தகைய புலமை பெற்றவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, பார்சல்களை எண்ணிப் பதிவேட்டில் எழுதியே காலம் கழிப்பவன். நம் செயலாளர் என்னைப் பேசுமாறு வற்புறுத்தியபோது, எனக்குத் தெரிந்ததைப் பற்றியே பேசுவேன் என்று சொல்லி இசைந்தேன். எனக்குத் தெரிந்தது கணக்கு. எனக்குத் தெரிந்த துன்பம் எங்கள் ஊர்க் கிணறு. இவ்விரண்டையும் இணைத்துச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

நம் கண்டோன்மென்ட் நிலையத்திற்கும் சோலையார்பேட்டைக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்ட ஆண்டு 1864. சிவாஜிநகரில் வாழும் நம்மவருள் பலருடைய பாட்டன் பூட்டன்மார் அப்பாதை வழியாகவே வட ஆர்க்காட்டிலிருந்து இங்கு வந்து சேர்ந்தனர். இன்றும் பொங்கலுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் நாம் ஊர் செல்லும் வழி அதுவே. சோலையார்பேட்டை கடந்தவுடன் வாணியம்பாடி, பிறகு ஆம்பூர். அவ்விடத்தில் பெட்டியின் சன்னல் வழியே ஒரு வாடை வரும். குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொள்வர். "ஊர் வந்துவிட்டது, மூட்டைகளை இறக்கி வையுங்கள்" என்று என் தாயார் சொல்லுவார். அந்தத் தோல் வாடைதான் எங்களுக்கு ஊர் வந்ததன் அறிகுறி.

எங்கள் ஊர் பாலாற்றங்கரையில் அவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர். என் தாய்மாமன் ஒரு தோல் பதனிடும் சாலையில் வேலை பார்த்தார். நம் ஊரார் வழக்கில் அது 'தோல் ஷாப்பு'. சிறுவனாக அவருக்குச் சோறு கொண்டுபோவேன். வீட்டறை அளவுள்ள பெரிய மர டிரம்முகள் உருண்டுகொண்டிருக்கும். மாலையில் டிரம்மை நிறுத்தி அடைப்பைத் திறந்தால், நீலமும் பச்சையும் கலந்த நீர் குபுகுபுவென்று வாய்க்காலில் பாயும். பார்ப்பதற்கு அழகாகவே இருக்கும்.

"மாமா, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கே போகும் மாப்பிள்ளை? ஆற்றுக்குத்தான். ஆறு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அன்று ஊரே அவ்வாறுதான் நம்பியது. பாலாற்றின் இயல்பை எண்ணிப் பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டோம். நம் கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, தமிழகத்தில் நெடுந்தொலைவு ஓடிக் கடலில் கலக்கும் ஆறு அது. ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலே காணப்படும். நீர் மணலுக்கு அடியில் ஊற்றாக நடக்கும். ஓடாத ஆறு எதனை அடித்துக்கொண்டு போகும்? ஊற்றியதெல்லாம் மணலுக்குள் இறங்கி, கரையிலுள்ள கிணறுகளை நாடிச் சென்றது. எங்கள் கிணற்று நீர் முதலில் துவர்த்தது, பின்னர் உவர்த்தது, அதன்பின் தென்னங்கன்றும் குடிக்க மறுத்தது. நான் வேலைக்கு வந்த புதிதில், பெங்களூரிலிருந்து ஊருக்குச் செல்லும்போதெல்லாம் இரண்டு கேன் நிறையத் தண்ணீர் எடுத்துச் சென்றிருக்கிறேன். ஆற்றங்கரையில் பிறந்தவன் ஆற்றங்கரைக்கே தண்ணீர் சுமந்தேன்.

நிற்க. அந்த நீல நீரில் இருந்தது யாது என்பதை இனிக் காண்போம்.

முற்காலத்தில் நம் நாட்டுத் தோல்கள் ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் பதனிடப்பட்டன. அதற்கு வாரக்கணக்கில் காலம் பிடிக்கும். குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைக் கொண்டு பதனிட்டால் ஒரே நாளில் வேலை முடியும்; தோலும் மென்மையாகவும் வெப்பம் தாங்குவதாகவும் அமையும். இம்முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் வேரூன்றச் செய்தவருள் முதன்மையானவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர். பின்னாளில் மைசூர் சமஸ்தானத்தின் தொழில்துறை இயக்குநராகப் பணியாற்றியவரும் அவரே. சென்னைப் புறநகர் இரயிலில் செல்வோர் குரோம்பேட்டை என்னும் நிலையத்தைக் கண்டிருப்பீர்கள். அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்த பெயர் அது. நம் சிவாஜிநகருக்கு வடக்கேயுள்ள டானரி சாலைக்குப் பெயர் வந்ததும் தோல் பதனிட்ட இடங்களால்தான். ஆகவே இஃது எங்கோ நடக்கும் செய்தியன்று. நாம் நாள்தோறும் நடக்கும் தெருவின் பெயரிலேயே இருக்கும் செய்தி.

இப்பொழுது என் தொழிலுக்கு வருகிறேன். பார்சல் அலுவலகத்தில் ஒவ்வொரு நாளும் கணக்கு முடித்தாக வேண்டும். வந்த உருப்படி எத்தனை, அனுப்பியது எத்தனை, கையிருப்பு எத்தனை? இவை பொருந்தவில்லையென்றால் எழுத்தன் வீட்டுக்குப் போக முடியாது. ஓர் உருப்படி 'காணாமற் போயிற்று' என்று எழுதி முடிக்க இயலாது. அது எங்கோ ஓரிடத்தில் இருந்தே தீரும்.

தோல் பதனிடும் டிரம்முக்கும் அவ்வாறே ஒரு கணக்கு எழுதிப் பார்ப்போம். ஆயிரம் கிலோ தோலுக்கு ஏறத்தாழ 80 கிலோ குரோமிய உப்பு இடுவது வழக்கம். தோல் உறிஞ்சிக்கொள்வது அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. எஞ்சிய ஒரு பங்கு, ஏறக்குறைய 25 கிலோ, நீரிலேயே நிற்கிறது. நாளுக்கு ஆயிரம் கிலோ தோல் பதனிடும் சிறிய சாலை ஆண்டுக்கு 300 நாள் ஓடினால், 7,500 கிலோ உப்பை வாய்க்காலில் விட்டதாகும். காசு கொடுத்து வாங்கிய சரக்கு அது! வேறு அழுக்குகள் மக்கும். வெயிலில் கரிந்து போகும். உலோகம் மக்குவதில்லை, மறைவதுமில்லை. வாய்க்காலில் இல்லையென்றால் மணலில் இருக்கும். மணலில் இல்லையென்றால் கிணற்றில் இருக்கும். காணாமற் போன உருப்படி ஊரார் வீட்டில் இருந்தது, அன்பர்களே!

பதனிட்டு வடித்த நீரில் லிட்டருக்கு 2,000 முதல் 5,000 மில்லிகிராம் வரை குரோமியம் இருக்கும். வெளியே விடத்தக்க நீரில் 2 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது என்பது விதி. குடிநீரில் 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. இவ்வெண்களை ஒருமுறை மனத்தில் நிறுத்திக்கொண்டால், மாமா திறந்துவிட்ட அடைப்பின் பொருள் விளங்கும்.

குரோமியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. தோலில் சேரும் மூவிணைதிற வகை அவ்வளவு கொடியதன்று. அறுவிணைதிற வகையோ பெருநஞ்சு. தோலைப் புண்ணாக்கும், மூக்கின் நடுத்தண்டைத் துளைக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். இவ்வகை உப்புகளைச் செய்த ஒரு தொழிற்சாலை ராணிப்பேட்டையில் இருந்தது. 1990களின் நடுவில் அது மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவு மட்டும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் டன் எனக் கணக்கிடப்பட்டது. உலகில் மிகவும் மாசடைந்த பத்து இடங்கள் என்று அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டியலில் நம் ராணிப்பேட்டையும் இடம்பெற்றது. பெருமைக்குரிய பட்டியலா அது?

இனி, அந்த உலோகத்தை மீட்கும் வழியைச் சொல்லுகிறேன். இதற்கு வழிகாட்டியது சென்னை அடையாற்றில் 1948இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். வழி மிகவும் எளியது. நம் தாய்மார்களுக்கு உடனே விளங்கும்.

முதற்படி, பிரித்து வைத்தல். குரோமிய நீரை மற்ற நீர்களோடு கலக்கவிடாமல் தனி வாய்க்கால் வழியே தனித் தொட்டியில் சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு நீரும், உப்பு ஊறிய நீரும், தோல் கழுவிய நீரும் அதனோடு சேரக்கூடாது. இரண்டாம் படி, வடிகட்டித் தோல் துணுக்குகளையும் மயிரையும் நீக்குதல். மூன்றாம் படி, மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெண்பொடியை இட்டுக் கலக்குதல். நீரிலுள்ள புளிப்பு நீங்கிக் காரத்தன்மை ஏறும்பொழுது, அதுவரை கரைந்திருந்த குரோமியம் பச்சை நிறக் குழம்பாகத் திரண்டு அடியில் படியும். ஓரிரவு அசையாமல் வைத்தால் மேலே தெளிந்த நீர் நிற்கும். கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளியவைத்த பாட்டிமார் நம் வீடுகளில் இருந்தனர் அல்லவா? ஏறத்தாழ அதனைப் போன்ற காட்சியே இது.

சுண்ணாம்பு மலிவாயிற்றே, அதனை இடலாகாதா என்று கேட்கலாம். இட்டாலும் குரோமியம் படியும். ஆனால் சுண்ணாம்பு அந்நீரிலுள்ள கந்தகச் சத்தோடு கூடி ஜிப்சமாகிக் குழம்பைப் பெருக்கிவிடும். குரோமியத்தை அதிலிருந்து தூய்மையாகப் பிரிப்பது அரிதாகும். மக்னீசியம் ஆக்சைடோ மெல்லக் கரைந்து, கெட்டியான, மணிமணியான படிவைத் தரும். சில ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதன் பயன் அது.

நான்காம் படி, தெளிந்த நீரை வடித்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, அடியில் நிற்கும் பச்சைக் குழம்பில் கந்தக அமிலத்தைப் பதமாகச் சேர்த்தல். குழம்பு கரைந்து மீண்டும் குரோமிய உப்பு நீராகிவிடும். அதனைப் புதிய உப்போடு ஓரளவு கலந்து மறுநாள் அதே டிரம்மில் இடலாம். செம்மையாகச் செய்தால் வடிநீரிலுள்ள குரோமியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் திரும்பக் கிடைக்கும். நஞ்சு என்று ஊற்றியது முதலாக மீண்டது!

இவ்வளவு எளிய வழியை ஊர் ஏற்பதற்கு நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ பகுதியாகவோ பயிருக்குத் தகுதியற்றுப் போனதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அது அறுதியிட்டது. ஒவ்வொரு தோல் சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பின்னர் 2003ஆம் ஆண்டு, குரோமியத்தால் பதனிடுவோர் அதனை மீட்கும் அமைப்பை நிறுவ வேண்டும் என்பதும் மத்திய அரசும் தொழிலதிபரும் கண்ட உடன்பாட்டில் சேர்ந்தது. ஆயினும் துயரம் அத்தோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் உச்ச நீதிமன்றம், பாலாற்றுப் பகுதியில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கவும், அத்தொகையைக் கெடுத்தவரிடமே வசூலிக்கவும் ஆணையிட வேண்டியதாயிற்று. கிணறு கெட ஒரு தலைமுறை. தீர்ப்பு நிறைவேற இன்னொரு தலைமுறை.

இங்கு ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் கிணறு உவர்த்ததற்குக் குரோமியம் மட்டும் காரணமன்று. தோல் கெடாமல் இருக்கத் தடவும் சமையல் உப்பே அதற்குப் பெருங்காரணம். குரோமியத்தை மீட்டால் உப்பு நீங்கிவிடாது. அதற்குச் சவ்வு வழியே நீரை அழுத்திப் பிரிக்கும் எதிர் ஊடுபரவல் இயந்திரங்களும், எஞ்சியதைக் கொதிக்கவைத்து வற்றச்செய்யும் கலன்களும் வேண்டும். செலவு மிகுந்த வேலை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் அவை நடக்கின்றன. ஆனால் எல்லா நீரையும் கலந்துவிட்ட பிறகு அங்கே படியும் கசடு யாருக்கும் பயன்படாத குவியல். அதில் குரோமியமும் இருக்கும், சேறும் இருக்கும், உப்பும் இருக்கும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் அத்தகைய கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தவர். மொழி வேறாயினும் நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர். கூலி வாங்கி வீட்டுக்கு அனுப்பி வந்தவர். அச்செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகலின் நான் வலியுறுத்துவது ஒன்றே. உலோகத்தைப் பிடிக்க வேண்டிய இடம் டிரம்மின் வாய். ஆற்றின் வாய் அன்று. பிடிக்க வேண்டிய நேரம் அன்றைய மாலை. பத்தாண்டு கழித்து அன்று. டிரம்மின் வாயில் அது சரக்கு. கலந்த பின் அது கசடு. மண்ணில் இறங்கிய பின் அது வழக்கு. நம் ஜூவல்லர்ஸ் தெருப் பொற்கொல்லரைப் பாருங்கள். பட்டறைத் தரையைக் கூட்டிய குப்பையையும் அவர் வீசுவதில்லை. அதனை விலை கொடுத்து வாங்கிக் கழுவிச் சலித்துப் பொன்துகள் எடுப்பவர் இருக்கின்றனர். அக்குப்பை தெருச் சாக்கடையில் விழுந்துவிட்டால் யார் எடுப்பது? பொன்னுக்குக் காட்டும் கருத்தைக் குரோமியத்துக்கும் காட்ட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

"தோல் சாலைகளை மூடிவிட்டால் தீர்ந்தது" என்று சொல்வாரும் உளர். என் தம்பி இன்றும் அத்தொழிலில்தான் இருக்கிறான். ஆம்பூர்ச் செருப்புத் தொழிற்சாலைகளில் நம் சகோதரிகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்து குடும்பம் காக்கின்றனர். கிணற்றையும் காக்க வேண்டும், அடுப்பையும் காக்க வேண்டும். குரோமியத்தை மீட்பது இரண்டுக்கும் உதவும் வழி. நம் நாட்டுக் குரோமியத் தாது பெரும்பாலும் ஒடிசாவின் சுகிந்தாப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. அங்கும் மண்ணும் நீரும் கெட்டுத்தான் அது தோண்டப்படுகிறது. இங்கு ஒரு கிலோவை மீட்டால், யாரோ ஒருவர் ஊரில் அந்த அளவுக்குத் தோண்டுவது குறையும். டிரம்மில் தண்ணீரே ஊற்றாமல் குரோமியத்தைத் தோலில் ஏற்றும் முறையையும் அடையாற்று நிலையம் உருவாக்கியுள்ளது. கழிவு நீரே இல்லையென்றால் மீட்கும் வேலையும் குறையும் அல்லவா?

நம் காலனி மக்கள் செய்யக்கூடியதும் சில உண்டு. நம் இளைஞர் பலர் பீனியாவில் முலாம் பூசும் பட்டறைகளில் வேலை செய்கின்றனர். அங்கும் குரோமியமும் நிக்கலும் கழுவுநீரில் போகின்றன. முலாம் தொட்டியிலிருந்து உருப்படியைத் தூக்கியவுடன் கழுவாமல், தொட்டியின் மேலேயே சிறிது நேரம் பிடித்துச் சொட்டவிடுங்கள். சொட்டும் ஒவ்வொரு துளியும் மீண்ட உலோகம். முலாம் குரோமியம் பெரும்பாலும் அந்தக் கொடிய அறுவிணைதிற வகையாதலால், அதனை முதலில் மூவிணைதிறமாக மாற்றிய பின்னரே படியவைக்க வேண்டும் என்பதையும் மேலாளருக்கு நினைவூட்டுங்கள். ஊரில் உள்ளோர் தோல் துண்டுகளை அடுப்பெரிக்கவோ வெந்நீர் போடவோ பயன்படுத்தினால் தடுத்துவிடுங்கள். குரோமியத் தோலை எரித்தால் அடங்கியிருந்த உலோகம் கொடிய வடிவம் கொள்ளக்கூடும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, மீட்புத் தொட்டி இருக்கிறதா என்று மட்டும் கேளாமல், அது நாள்தோறும் ஓடுகிறதா என்றும் கேளுங்கள். பதிவேடு வைத்திருப்பது வேறு, அதனை அன்றன்று எழுதுவது வேறு என்பதை என் போன்ற எழுத்தன் நன்கறிவான்.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். சிக்கனத்துக்காகச் சொன்ன பழமொழி என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். இப்பொழுது வேறொரு பொருளும் தோன்றுகிறது. அளக்கத் தொடங்கியவன் போடுவதை நிறுத்திவிடுவான். எவ்வளவு போகிறது என்று ஒருநாள் எழுதிப் பார்த்தால், மறுநாள் அதனைப் பிடித்து வைக்கத் தோன்றும்.

என் மாமா இப்பொழுது இல்லை. தம் கடைசிக் காலத்தில் வேலையை விட்டு வீட்டில் இருந்தபோது, நான் கொண்டுபோன கேனிலிருந்து ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இது எந்த ஊர்த் தண்ணீர் மாப்பிள்ளை?" என்றார். பெங்களூர் என்றேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அன்று நீ கேட்டாய். நான் யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அவரிடம் அளக்கும் கருவியும் இல்லை, அதனைச் சொல்லிக் கொடுப்பாரும் இல்லை. நமக்கு இரண்டும் உண்டு. நம் பிள்ளைகள் "இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டால், யோசித்து, அளந்து, உண்மையான விடை சொல்லும் நிலையில் நாம் இருக்க வேண்டும்.